உறைந்த வெங்காயத்தைத் தொடாதே

உஸ்தீனியா தன் வாழ்நாளில் மூன்று பேருடைய மூக்கை உடைத்தாள். அதில் இரண்டு வெங்காயத்துக்காக. மூன்றாவது மூக்குக்காரர் இன்னும் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார், தினமும் எதிரில் வருகிறார். ஆகவே அந்தக் கதையை விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஊரே ஒரு தெருதான். ஒரு பக்கம் பெய்ப்சி ஏரி, மறுபக்கம் வெங்காயப் பாத்தி. குளிர்காலத்தில் ஏரி இறுகியதும், ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய நோன்புக்கு முந்தைய ஞாயிறன்று, தெருவின் மேல்முனை ஆண்களும் கீழ்முனை ஆண்களும் பனிக்கட்டி மேல் இரண்டு சுவர்களாக நின்று முஷ்டியால் அடித்துக்கொள்வார்கள். காலையில் ஜெபக்கூடத்தில் ஜெபம் நடத்தும் சாவ்வாதி ஐயா அதைக் கண்டித்துப் பேசுவார். கேட்டு முடித்த கையோடு எல்லோரும் நேரே ஏரிக்குப் போவார்கள். அந்தச் சண்டைக்கு ஒரே விதி: விழுந்தவனை அடிக்கக் கூடாது.

உஸ்தீனியாவின் அப்பா அந்தச் சுவரில் முப்பது வருடம் நின்றவர். ஒரு கண்ணை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். ஏரியில் கற்ற விதியை வீட்டிலும் கடைப்பிடித்தார். அவர் கையை ஓங்கினால், அடி வேண்டாதவர்கள் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தவர் மேல் கை விழாது. அம்மா உட்காருவாள், இரண்டு அண்ணன்களும் உட்காருவார்கள். உஸ்தீனியா மட்டும் உட்கார்ந்ததே இல்லை. பத்தொன்பது வயதில் கல்யாணமாகிப் போகும்போது அவளுடைய இடது காது பாதிதான் கேட்டது.

முதல் மூக்கு அவள் புருஷனுடையது. எஃபீம் மீன்பிடிக்கிறவன், சாதுவான ஆள். கல்யாணமான நான்காம் நாள் வண்டியிலிருந்து வெங்காய மூட்டையைத் தூக்கித் தரையில் தொப்பென்று போட்டான்.

"மூட்டையைப் போடாத. இறக்கு" என்றாள் அவள்.

"வெங்காயம்தானே, முட்டையா என்ன?" என்று சிரித்துக்கொண்டே இரண்டாவது மூட்டையையும் போட்டான். அவள் குத்திய குத்தில் மூன்று நாள் வாயால்தான் மூச்சு விட்டான். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் ஒரு சண்டை இல்லாமல் வாழ்ந்தார்கள். எஃபீம் வெங்காய மூட்டையைத் தூங்கும் குழந்தையைப் போல இறக்குவான். தெரு சிரித்தாலும் கவலைப்பட மாட்டான்.

அவள் சொன்னது நியாயமும்கூட. அடிபட்ட வெங்காயம் அன்றைக்குக் காட்டாது. தோல் பளபளப்பாகத்தான் இருக்கும். கிறிஸ்துமஸ் வாக்கில் உள்ளே ஒரு வளையம் கண்ணாடி மாதிரி ஆகும், பிறகு பழுப்பாகும், பிறகு பின்னித் தொங்கவிட்ட சடை முழுவதையும் கூட்டிக்கொண்டு அழுகும். உஸ்தீனியா கண்ணை நம்புவதில்லை. காலையில் எழுந்ததும் சடைகளுக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு நடப்பாள். நாற்றம் எந்தச் சடையில் என்று தெரிந்ததும் அந்த ஒன்றை மட்டும் கத்தியால் அறுத்துப் பன்றிக்கு எறிவாள்.

சமையலுக்கான வெங்காயம் சடை பின்னி, குளிர்ந்த காய்ந்த நடையில் தொங்கும். ஒரு சடைக்கும் அடுத்ததற்கும் ஒரு கை இடைவெளி. பக்கத்தில் உருளைக்கிழங்கு இருக்கக் கூடாது. விதை வெங்காயத்தின் கதை வேறு. விரல் நுனி பருமன்தான் இருக்கும். அதை வீட்டுக்குள்ளே, பெரிய செங்கல் அடுப்புக்கு மேலே, கூரையை ஒட்டிய பரணில் பரப்பி வைக்க வேண்டும். மனிதர்கள் குளிரில் நடுங்கினாலும் அதற்குச் சூடு குறையக் கூடாது. அரைகுறைக் குளிரில் சில வாரம் கிடந்த விதை, வசந்தத்தில் நட்டதும் கிழங்கு வைக்காமல் தண்டு விட்டுப் பூத்து நிற்கும். பூத்த பாத்தி என்றால் அந்த வருடம் அடுப்பெரிக்காத சோம்பேறி வீடு என்று அர்த்தம். தெருவே வேலியோரம் வந்து நின்று வேடிக்கை பார்க்கும்.

உஸ்தீனியாவின் பரணில் இருந்தது எஃபீமின் அம்மா வழி வந்த விதை. தட்டையான, காரமான, தோல் தடித்த வெங்காயம். எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அது இல்லை. போனால் போனதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், ஏரி இறுகுவதற்கு இரண்டு நாள் முன்பு, எஃபீம் புயலில் மாட்டினான். படகு கரைக்கு அருகில் பாறையில் மோதி உடைந்தது. அலை அவனை விடாமல் அரை நாள் அதே பாறையில் அடித்துக்கொண்டே இருந்தது. கொண்டுவந்து கிடத்தியபோது கல்யாணமான புதிதில் உடைந்த மூக்கை வைத்துத்தான் உஸ்தீனியா அடையாளம் சொன்னாள்.

அவனுடைய நாற்பதாம் நாள் காரியம் ஜனவரியில் வந்தது. வெளியே உறைநிலைக்குக் கீழே இருபத்தேழு டிகிரி. ஜெபக்கூடம், கல்லறை, பிறகு வீட்டில் சாப்பாடு. இருபது பேர் வந்திருந்தார்கள். எஃபீமின் தம்பி ஜினோவியும் நார்வா நகரத்திலிருந்து வந்திருந்தான். அவன் அடுப்பு கட்டும் கொத்தன். உஸ்தீனியா வீட்டு அடுப்பையும் அவன்தான் கட்டினான். ஏழு வருடம் நகரத்தில் இருந்தவன், தாடியை மழித்திருந்தான். சட்டைப்பையில் சிகரெட்டும் இருந்தது.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பழைய வழிபாட்டை மாற்றாத எங்கள் முறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும், தாடி மழித்து அந்த முறையை மீறியவர்களுக்கும் எங்கள் கிண்ணத்தில் கொடுப்பதில்லை. மீன் வியாபாரி, வரி கேட்டு வருகிறவர், வழி தவறி வந்தவர் எல்லோருக்கும் கதவருகே ஆணியில் தொங்கும் தகரக் குவளைதான். அன்றைக்கு எல்லோருக்கும் மரக்கிண்ணத்தில் மீன்கஞ்சி ஊற்றிக்கொண்டே வந்த உஸ்தீனியா, ஜினோவியிடம் வந்ததும் கதவுப் பக்கம் போனாள். தகரக் குவளையை எடுத்து ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

மேசையில் எல்லோரும் குவளையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது யாருக்கு அண்ணி?" என்று கேட்டான் ஜினோவி.

"உனக்குத்தான்."

"அந்தப் பலகையில இருக்கே, ஓரம் உடைஞ்ச கிண்ணம். அது நான் பால்குடி மறந்ததிலேர்ந்து சாப்பிட்ட கிண்ணம்."

"அப்ப உனக்கு மழிக்கத் தாடி இல்ல. இப்ப மழிச்சிருக்க. நான் போட்ட சட்டமா இது?"

சட்டப்படி அவள் செய்தது சரி. ஆனால் மகனைப் போல வளர்த்த அண்ணனுடைய நாற்பதாம் நாளில், இருபது பேர் பார்க்க, அந்தச் சட்டத்தைச் செயலில் காட்டியிருக்க வேண்டியதில்லை என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்றும் சொல்வார்கள். ஜினோவி குவளையை எடுத்துச் சுவரில் எறிந்தான். கஞ்சி சாவ்வாதி ஐயாவின் தாடியில் தெறித்தது. எழுந்து கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

மூன்று மணிக்கு விருந்தினர் கலைந்தார்கள். பக்கத்து வீட்டு லுக்கேரியா மட்டும் பாத்திரம் கழுவ நின்றாள். அப்போது தெருப்பக்கத்து ஜன்னல் உள்பக்கமாக வெடித்தது. அடுத்து இரண்டாவது, மூன்றாவது. ஜினோவி கையில் பெரிய சம்மட்டியோடு உள்ளே வந்தான். சாராய வாடை இல்லை. அதுதான் பயமாக இருந்தது என்று லுக்கேரியா பிற்பாடு சொன்னாள்.

"கிண்ணம் உங்களோடது. இந்த அடுப்பு என்னோடது. நான் கட்டினேன், நானே இடிக்கிறேன்" என்றான்.

முதல் அடியில் அடுப்பின் வாய் வளைவு சரிந்தது. இரண்டாவதில் முன்சுவர். செங்கல்லும் கங்கும் புகையும் தரையில் கொட்டின. லுக்கேரியா பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கங்கு மேல் ஊற்றினாள். நீராவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. உஸ்தீனியா நடைக்கு ஓடி, ஏரிப் பனிக்கட்டியில் துளை போடும் கடப்பாரையை எடுத்து வந்தாள். ஆளுயர மரப்பிடி, நுனியில் நான்கு முகமாகத் தீட்டிய இரும்பு.

ஜினோவி சம்மட்டியைப் பரணைத் தாங்கும் தூணின் பக்கம் திருப்பினான்.

"அடுப்பை இடிச்ச, விட்டேன். பரணைத் தொட்டுப் பாரு."

"தொட்டா?"

"தொடு, தெரியும்."

"எங்கம்மா வெங்காயம்டி அது!"

"உங்கம்மா என்கிட்ட குடுத்துட்டுத்தான் செத்தா. உன்கிட்டயா குடுத்தா?"

அவன் ஓங்கினான். அவள் கடப்பாரையின் மரப்பிடியை முன்னால் தள்ளி முகத்தில் இடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் நடை வரை கேட்டது. அவன் சம்மட்டியை விட்டுவிட்டு, தான் இடித்த செங்கல் மேலேயே மல்லாந்து விழுந்தான். அவள் கடப்பாரையைத் திருப்பினாள். இரும்பு நுனி அவன் தொண்டைக்கு மேலே நின்றது. வெறும் பயமுறுத்தல் இல்லை அது. அவள் தோள் இறங்கத் தொடங்கியதை லுக்கேரியா பார்த்தாள்.

"விழுந்தவன், உஸ்தீனியா! விழுந்தவன்!" என்று கத்தினாள்.

நுனி அவன் காதோரத் தரைப்பலகையில் நான்கு விரல் ஆழம் இறங்கியது. அந்தத் துளையை நானும் பார்த்திருக்கிறேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த இரண்டு பேர் ஜினோவியைக் காலைப் பிடித்து இழுத்துப் போய் நீராவிக் குளியல் கொட்டகையில் போட்டார்கள். உஸ்தீனியா ஒரு மணி நேரத்தில் மூன்று ஜன்னலையும் வைக்கோலாலும் சாக்காலும் அடைத்தாள். பரணைச் சுற்றி, தொடாமல், போர்வைகளைத் தொங்கவிட்டாள். போதவில்லை. விடியும்போது அடுப்பில்லாத வீட்டின் உட்சுவரெல்லாம் உறைபனி பூத்திருந்தது. அவள் ஆட்டுத்தோல் கோட்டைப் போர்த்திக்கொண்டு, பெஞ்சில் ஏறி, பரண் ஓரத்து வெங்காயம் ஒன்றை மட்டும் நகத்தால் தட்டினாள். கூழாங்கல் சத்தம்.

காலை எட்டு மணிக்குத் தெருவே கூடையோடு வந்து நின்றது. நல்ல மனசு. ஆளுக்கு ஒரு கூடையாக எடுத்துப் போய்த் தங்கள் அடுப்புக்கு மேல் வைக்கலாம் என்று பேசிக்கொண்டு வந்திருந்தார்கள். உஸ்தீனியா வாசலில் கடப்பாரையோடு நின்றாள்.

"வழி விடும்மா. செத்துப்போகும் எல்லாம்."

"செத்துப்போகாது. நீங்க தொட்டாத்தான் சாகும்."

"பைத்தியமா உனக்கு? கல்லாக் கெடக்குமே இந்நேரம்!"

"கல்லா கெடக்குற வரைக்கும் நல்லா இருக்கு. கல்லை எடுத்துக் கூடையில போட்டா ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். இடிச்ச எடமெல்லாம் உள்ள நொறுங்கும். அசைக்காம, மெதுவா இளகவிட்டா தானா எந்திரிக்கும்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

அதற்குள் லுக்கேரியா பின்வாசல் வழியாக உள்ளே போய், ஒரு கூடை அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தோழிக்கு உதவுகிற நினைப்பு. உஸ்தீனியா விட்ட அறையில் அவளுடைய முக்காடு கழன்று பனியில் விழுந்தது.

"என்னையா அடிச்ச? என்னையா? நேத்து உன்னைக் கொலைகாரி ஆகாமக் காப்பாத்தினவ நான்!"

"அது நேத்து. கூடையைக் கொண்டு போ, போ. உன் அடுப்பு மேல வச்சுப் பாரு. நாலு நாள்ல கொண்டாந்து காட்டு."

நான்காம் நாள் லுக்கேரியா கூடையைக் கொண்டுவரவில்லை. வாசனை முதலில் வந்தது. கூடைக்கு அடியில் சளி மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கொட்டிவிட்டு வேலியோரம் நின்று, "நீ சொன்னது சரிதான், சண்டாளி" என்று மட்டும் கத்தினாள்.

உறைந்ததைத் தொடாமல் வைப்பது முதல் பாதிதான். மெதுவாக இளக வைக்க அடுப்பு வேண்டும். அதுவும் உறைகுளிர் தணிந்து அரைகுறைக் குளிராக மாறுவதற்கு முன்பு வேண்டும். அடுப்பு கட்டத் தெரிந்தவன் ஊரில் ஒருத்தன்தான். உஸ்தீனியா லுக்கேரியாவை அறைந்த அன்று மதியமே குளியல் கொட்டகைக் கதவைக் காலால் உதைத்தாள். ஜினோவி பெஞ்சில் படுத்திருந்தான். முகம் ஊதி இரண்டு கண்ணும் கோடாகியிருந்தன.

"எந்திரிடா."

"மூக்கு உடைஞ்சவனால வேலை செய்ய முடியாது."

"மூக்காலயா செங்கல் வைக்கப் போற?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"நீ கட்டினது, நீ இடிச்ச. சரி. பரண்ல இருக்கறது உங்கம்மா வெங்காயம்னு நீதானே கத்தின? அது சாகட்டுமா?"

அவன் பெஞ்சிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். பிறகு, "களிமண்ணைக் காய்ச்சின தண்ணியிலதான் குழைக்கணும். செங்கல்லையும் இங்க வச்சுச் சூடாக்கணும். இல்லன்னா சாந்து உறைஞ்சுடும்" என்றான்.

"குழை. இன்னொண்ணு. வீட்டுக்குள்ள சுத்தி வரக் கூடாது."

"சுத்தி இல்லாம எப்படிச் செங்கல் உடைக்கறது?"

"முற்றத்துல உடை. உள்ள ஒரு தட்டு தட்டினாக்கூட பரண் அதிரும். அதிர்ந்துதுன்னா, இந்தத் தடவை பிடியால இடிக்க மாட்டேன்."

மூன்று நாள் அப்படித்தான் வேலை நடந்தது. அவன் முற்றத்தில் அளவு பார்த்துச் செங்கல் உடைப்பான். சரியாக வராவிட்டால் திரும்ப வெளியே போவான். உள்ளே கரண்டி மட்டும். கையால் அழுத்தி அழுத்தி வைப்பான். அடுப்பை இடித்தவனுக்குப் பரணுக்கு அடியில் மூச்சைக்கூட அடக்கி விட வேண்டியிருந்தது; உடைந்த மூக்கால் அதுவும் முடியாமல் வாயைத் திறந்து இரைத்தான். அவள் கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தடவை, "அண்ணன் செத்தப்ப கஷ்டப்பட்டானா?" என்று கேட்டான். "பாறையைக் கேளு" என்றாள்.

மூன்றாம் நாள் கடைசி வரிசைக்கு நிமிர்ந்தபோது அவன் தோள் தூணில் இடித்தது. பரணின் ஒரு மூலைப் பலகை சாய்ந்தது. ஒரு வாளி அளவு வெங்காயம் ஆலங்கட்டி போலத் தரையில் கொட்டி உருண்டது. ஜினோவி கரண்டியைக் கீழே வைத்தான். கையைத் தொங்கவிட்டு, முகத்தை அவள் பக்கம் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். உட்காரவில்லை.

அவள் கடப்பாரையோடு எழுந்தாள். பலகையைப் பார்த்தாள். மிச்சம் அசையாமல் இருந்தது. நின்றபடியே அடிக்காகக் காத்திருக்கிறவனையும் பார்த்தாள்.

"குனிஞ்சு பொறுக்காத. விழுந்தது விழுந்தபடி கெடக்கட்டும். வேலையைப் பாரு" என்றாள்.

மறுநாள் அவன் ஒரு கைப்பிடிச் சிராய் போட்டு முதல் நெருப்பை மூட்டினான். எவ்வளவு விறகு போடப் போகிறான் என்று கேட்க உஸ்தீனியா வாயெடுத்தாள். அவனே சொன்னான்:

"பச்சை அடுப்பு. பத்து நாளைக்குப் பெரிய நெருப்பு ஆகாது. முதல் நாள் சிராய், ரெண்டாம் நாள் ரெண்டு விறகு, அப்படித்தான் ஏத்தணும். அவசரப்பட்டா சாந்து வெடிச்சுடும்."

"வெங்காயத்துக்கும் அதேதான்" என்றாள்.

இருவரும் பரணை நிமிர்ந்து பார்த்தார்கள். அடுப்பு முழுசாக இருந்திருந்தால் யாராவது ஒரே மூச்சில் விறகைத் திணித்திருப்பார்கள். வெங்காயம் வெந்து அழுகியிருக்கும். ஈர அடுப்புக்கு அந்த வேகம் கிடையாது. நாளுக்கு ஒரு துளி சூடு மேலே ஏறியது. ஆறாம் நாள் வெங்காயத் தோல் வியர்த்தது. எட்டாம் நாள் காய்ந்தது. பத்தாம் நாள் உஸ்தீனியா பெஞ்சில் ஏறி மூக்கை நீட்டினாள். அதற்குப் பிறகுதான் தொட்டாள். நடுவிலிருந்து ஒன்றை எடுத்து, கத்தியால் குறுக்கே வெட்டி, மேசையில் வைத்தாள். வளையங்கள் வெள்ளையாக, இறுக்கமாக இருந்தன. மனிதன் அழுகிற அளவுக்குக் காரமும் இருந்தது. ஜினோவி முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தான், வெங்காயம் என்றான்.

கொட்டிய வாளியும் லுக்கேரியாவின் கூடையும் போனது போனதுதான். மற்றதில் பத்தில் ஒன்று சேதம். ஜூன் மாதம் தெரு முழுவதும் வேலியோரம் வந்து நின்றது, பூத்தண்டு எண்ண. முதல் பாத்தியில் ஐந்து, இரண்டாவதில் மூன்று. அதைவிட அதிகம் லுக்கேரியா வீட்டிலேயே இருந்தது.

ஆனால் அதற்கு முன், அந்தப் பத்தாம் நாளில், ஒன்று பாக்கி இருந்தது. அவன் கிளம்பும்போது உஸ்தீனியா தேநீர் ஊற்றப் போனாள். கதவருகே ஆணி வெறுமையாக இருந்தது.

"தகரக் குவளை எங்க?"

"அடுப்புக்குள்ள. நசுக்கி, முன்சுவர்ல ரெண்டு செங்கல்லுக்கு நடுவுல வச்சுப் பூசிட்டேன். வேணும்னா இடிச்சு எடுத்துக்கோங்க."

அவள் கடப்பாரை பக்கம் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். அதற்கு மேலே பரணைப் பார்த்தாள்.

"அப்ப உனக்குக் குடுக்க என்கிட்ட பாத்திரம் இல்ல" என்றாள். "தாடி வளத்துக்கிட்டு வா."

"வளந்தா?"

"வளரட்டும், பாப்போம்."

செப்டம்பரில், சடை பின்னுகிற நாளில் வந்தான். மூக்கு வலப்பக்கம் கோணியிருந்தது. தாடி கோணாமல் மார்புவரை இருந்தது. அவள் ஓரம் உடைந்த மரக்கிண்ணத்தை எடுத்து மீன்கஞ்சி ஊற்றி வைத்தாள். அவன் குடித்து முடித்து, மாதா உருவத்துக்கு எங்கள் முறைப்படி இரண்டு விரலால் சிலுவை போட்டுவிட்டு, உதவலாம் என்று முற்றத்துக்கு இறங்கி, பின்னி முடித்த சடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் போட்டான்.

உஸ்தீனியா பின்னுவதை நிறுத்தினாள். நடையின் மூலையில் கடப்பாரை சாத்தி இருந்தது.

ஜினோவி சடையைத் திரும்பத் தூக்கினான். இரண்டு கையாலும் தாங்கி, இறக்கினான்.